குளத்து வானும் விமானத்து வக்யூம் பம்பும்

கிளிநொச்சி இரணைமடுக் குளம் கீழே தெரியத் தொடங்கிய நேரம், எங்கள் சின்ன விமானம், செஸ்னா 172, வலப்பக்கம் சரிகிறது என்று சாய்வைக் காட்டும் ஹொரைசன் மீட்டர் காட்டியது. பின்சீட்டில் இருந்த நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். இறகு நேராக இருந்தது. குளத்து நீரின் விளிம்பும் நேராக இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த மாணவனுக்கு முன்கண்ணாடியில் பங்குனி மாதத்துப் புகார் மூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது. அவன் மீட்டரை நம்பி இடப்பக்க இறகைத் தாழ்த்தினான். பக்கத்தில் இருந்த பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்து, விமானத்தை நேராக்கி, வக்யூம் பம்பின் இழுவையைக் காட்டும் சக்ஷன் கேஜை விரலால் தட்டினார். ஊசி பூச்சியத்தில் கிடந்தது.

அது எப்போது விழுந்தது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. பழைய 172 அது. எச்சரிக்கை விளக்கு ஒன்றும் கிடையாது. ஹொரைசனுக்குள் இருக்கும் ஜைரோச் சக்கரத்தைச் சுழற்றுவது இந்தப் பம்பு இழுக்கும் காற்றுத்தான். பம்பு நின்றாலும் ஜைரோ உடனே நிற்காது. சுழன்ற வேகத்தில் சில நிமிடங்கள் ஓடி, மெல்ல மெல்லத் தளர்ந்து, பிறகுதான் சாயத் தொடங்கும். அந்தச் சில நிமிடங்களும் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். பயிற்றுநர் ஒரு தாளை மடித்து ஹொரைசனின் முகத்தை மூடினார். பிழையான மீட்டர் கண்ணுக்கு முன்னால் இருந்தால் மூளை அதன் பின்னாலேயே போகும், மூடினால்தான் நிம்மதி. மின்சாரத்தில் ஓடி, விமானம் திரும்புவதைக் காட்டும் டேர்ன் கோர்டினேட்டர், திசைகாட்டி, வெளியே தெரியும் நிலம், இவற்றை வைத்துக்கொண்டு பலாலியில் இறங்கினோம். நல்ல வெயில் என்பதால் அது ஒரு கதை. முகிலுக்குள் என்றால், சாய்ந்த மீட்டரைத் துரத்திக்கொண்டே சுழன்று இறங்கியிருப்போம்.

நான் அப்போது இரத்மலானையில் ஒரு பறப்புப் பயிற்சிப் பள்ளியில் டெக்னீஷியன். பலாலியில் நின்ற இன்னொரு விமானத்துக்கு ரயர் மாற்றவேண்டியிருந்ததால் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது அந்தக் குளத்தோடு சேர்ந்து கீழே தெரிந்த வட்டக்கச்சியில்தான். எங்கள் ஊரில் என் வயதுக்காரருக்கு வானத்துச் சத்தம் என்றால் கிபிர் என்ற குண்டுவீச்சு விமானமும், வண்டு என்று நாங்கள் சொல்லும் ஆளில்லா வேவு விமானமும்தான். வண்டு சுற்றத் தொடங்கினால் அம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பங்கருக்குள் தள்ளுவா. நான் விமான வேலை பழகப் போகிறேன் என்றபோது, ஒரு நாள் முழுக்க அவ என்னோடு பேசவில்லை. அந்தக் கதை வேறு. அன்றைக்கு அந்தக் குளத்தின் மேலே எனக்குப் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏனென்றால் அந்தப் பம்பு, தான் சாகப்போகிறது என்று மூன்று கிழமைக்கு முன்பே எனக்குச் சொல்லியிருந்தது.

முதலில் பம்பைப் பற்றிக் கொஞ்சம். சிறிய விமானங்களில் இருப்பது பெரும்பாலும் உலர் பம்பு. இரண்டு கை சேர்த்துப் பொத்தினால் அடங்கும் அளவுதான். எஞ்சினின் பின்பக்கத்தில் நான்கு நட்டில் நிற்கும். உள்ளே ஒரு கரி ரோட்டர். அதில் வெட்டிய காடிகளில் கரித் தகடுகள். ரோட்டர் சுழலும்போது தகடுகள் வெளியே எறியப்பட்டு, முட்டை வடிவான உட்சுவரை உரசிக்கொண்டே காற்றை இழுத்துத் தள்ளும். ஒயில் கிடையாது. கரியே தேய்ந்து, அந்தப் பொடியே வழுக்கலாகிறது. அதாவது இந்தப் பம்பு தன்னைத் தானே தின்றுதான் உயிர் வாழ்கிறது. தேய்வது அதன் குறை இல்லை, வேலை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் எங்கள் குறை.

தகடு கட்டையாகிக்கொண்டே போனால் காடிக்குள் நிற்கும் பங்கு குறையும். ஒரு கட்டத்தில் தகடு காடிக்குள் நேராக நிற்காமல் சாயும், இறுகும். அந்தக் கணத்தில் ரோட்டர் நொறுங்கும். எஞ்சின் பற்சில்லுகள் உடையாமல் இருக்க, பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் உடைவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கப்ளிங் வைத்திருக்கிறார்கள், அது அறுந்துவிடும். ஆயிரம் மணிக்கு மேல் ஓடிய பம்பையும் பார்த்திருக்கிறேன், இருநூறு மணியில் செத்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் கடைசி நிமிடம் வரை நன்றாகத்தான் ஓடின.

சரி, என் பிழைக்கு வருகிறேன். மூன்று கிழமைக்கு முன் ஒரு பயிற்றுநர் எழுதி வைத்திருந்தார்: எஞ்சின் நிமிடத்துக்கு 1700 சுற்றில் சக்ஷன் பச்சைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே. பச்சை என்பது 4.5 முதல் 5.5 பாதரச அங்குலம். ஊசி 4.4இல் நின்றது. நான் பில்டரைக் கழற்றிப் பார்த்தேன், பெரிதாக ஊத்தை இல்லை. ஹோஸ்களை அமத்திப் பார்த்தேன். பிறகு, சக்ஷன் மிஞ்சாமல் அளவோடு வைத்திருக்கும் ரெகுலேட்டரின் திருகாணியைக் கால் சுற்று இறுக்கினேன். ஊசி 5க்கு வந்தது. எல்லாருக்கும் சந்தோசம். எஞ்சினை மெல்ல ஓடவிட்டபோது ஊசி 3.5க்கும் கீழே இறங்கியதைக் கண்ணால் கண்டேன். 'மெல்ல ஓடினால் குறையும்தானே' என்று விட்டுவிட்டேன்.

பலாலியில் பம்பைக் கழற்றியபோது ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. அந்தப் பம்பின் கீழ் நட்டுகளைக் கழற்றியவர்களுக்குத் தெரியும், அதற்கென்று வளைத்துச் சீவிய ஸ்பனர் ஒன்று வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு பல்லுத்தான் திருப்பலாம். முக்கால் மணித்தியாலம் போனது. கையில் எடுத்துக் குலுக்கினேன், கிலுகிலுப்பை போலச் சத்தம். கப்ளிங் அறுந்திருந்தது. பம்பு பொருந்தி நிற்கும் முகத்தைத் துடைத்தால் விரலில் ஒயிலோடு கரிப்பசை வந்தது. பின்மூடியைத் திறந்தபோது ரோட்டர் பென்சில் கூர் முறிந்த மாதிரித் துண்டு துண்டாகக் கொட்டியது. அதன் நடுவே முழுசாகக் கிடந்த ஒரு தகட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் காலை இராப் பஸ்ஸில் கொழும்பிலிருந்து வந்த புதுப் பம்போடு வைத்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். புதுப் பம்பைத் திறக்கக்கூடாது, அதனால் அது நடக்கவில்லை. ஆனால் அந்தத் தகடு இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. ஒரு பக்க விளிம்பு கண்ணாடி போல மினுங்கும், மூலை செதுக்குண்டு போயிருக்கும்.

அந்த ஒயில் எங்கிருந்து வந்தது? இரண்டு வழி. எஞ்சின் பக்கத்து ஒயில் சீல் கசிந்து பம்புக்குள் போகலாம். அல்லது எஞ்சினைக் கழுவும்போது பம்பை மூடாமல் கரைப்பானை அடித்திருக்கலாம். எங்களுடையதில் இரண்டும் நடந்திருந்தது. உலர் பம்புக்கு ஒயில் நஞ்சு. கரிப்பொடி பொடியாக இருக்கும்வரை வழுக்கும். அதில் ஒரு துளி ஒயில் சேர்ந்தால் பசையாகி, தகடு காடிக்குள் ஒட்டிக்கொள்ளும். இதைப் புத்தகத்தில் படித்துத்தான் இருந்தேன். படித்ததும் பார்த்ததும் ஒன்றல்ல என்பது அந்தக் கரி நகக்கண்ணில் நாலு நாள் நின்றபோதுதான் விளங்கியது.

புதுப் பம்பைப் பூட்டுமுன் இன்னொரு வேலை இருக்கிறது, அவசரக்காரர் விட்டுவிடுவது இதைத்தான். பம்பு நொறுங்கும்போது கரித்துண்டுகள் ஹோஸ்களுக்குள்ளும் பின்னோக்கிப் போகும். அதைத் துப்புரவாக்காமல் புதுப் பம்பைப் பூட்டினால், முதல் ஓட்டத்திலேயே அந்தத் துண்டைப் புதுப் பம்பு விழுங்கும். பழைய ஹோஸ் என்றால் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம், மாற்றுங்கள். விரலால் மடித்தால் உள்பக்கம் வெடித்துப் பொருக்கு உதிரும் ஹோஸ் எத்தனை பம்பைக் கொன்றதோ. மீட்டர்களோடு ஹோஸ் பூட்டியிருக்கும்போது காற்றடித்து ஊதக்கூடாது, ஜைரோ போய்விடும். பொருத்துமுனைகளில் வெள்ளை டேப் சுற்றக்கூடாது, அதன் நூலும் உள்ளே போகும். பம்பின் உடலை வைசில் இறுக்கக்கூடாது. கீழே விழுந்த பம்பு வெளியே கீறல் இல்லாவிட்டாலும் குப்பைக்குத்தான்.

அதற்குப் பிறகு நான் ஒரு கொப்பி வைத்தேன். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பக்கம். எஞ்சின் சூடானபின் 1000 சுற்றில் சக்ஷன் எவ்வளவு, 1700இல் எவ்வளவு, அவ்வளவுதான். 1700இல் உள்ள எண் மாதக் கணக்கில் அசையாது. 1000இல் உள்ள எண்தான் பேசும். புதுப் பம்பில் எங்கள் விமானத்தில் அது பச்சையின் கீழ் விளிம்பைத் தொடும். மெல்ல மெல்ல 4.2, 4, 3.8 என்று இறங்கும். இறங்குவது தெரிந்தால் பம்பைக் குற்றம் சொல்லுமுன் மலிவான சாமான்களைப் பார்க்கவேண்டும்: பில்டர், ஹோஸ் ஒழுக்கு, தளர்ந்த கிளிப், கேஜ். ரெகுலேட்டரில் இருக்கும் சின்னப் பஞ்சுப் பில்டர் அடைத்தால் சக்ஷன் கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தேய்ந்த பம்பும் அடைத்த பஞ்சும் சேர்ந்தால் ஊசி நல்ல இடத்தில் நிற்கும். ரெகுலேட்டர் திருகாணியில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. அடைத்த பெரிய பில்டருக்கு ரெகுலேட்டரை இறுக்கினால் பம்பு கூடுதலாக இழுத்துச் சூடாகி இன்னும் கெதியாகச் சாகும்.

இப்போது வரும் பம்புகள் சிலவற்றில் தகட்டைப் பார்க்க ஒரு சின்னத் துவாரம் உண்டு. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மக்னீற்றோவை நிறுத்தி, சாவியை எடுத்து, மேல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பித் தகட்டைத் துவாரத்துக்கு நேரே கொண்டுவரவேண்டும். எதிர்த்திசையில் நான் திருப்புவதில்லை. பிறகு ரோச் லைட் அடித்து, பம்பு செய்தவர்கள் சொன்ன அளவுகோலால் தகடு எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. துவாரம் இல்லாத பம்புக்கு மணிக்கணக்கும் கொப்பியும்தான் துணை. கப்ளிங்குக்குத் தனி ஆயுள். மணி ஓடாவிட்டாலும் ஆறு வருடத்தில் பிளாஸ்டிக் கிழடாகும்.

ஏன் 1000இல் உள்ள எண் மட்டும் பேசுகிறது என்பதை நான் மாணவர்களுக்குப் பலமுறை விளங்கப்படுத்தியிருக்கிறேன். பலகையில் அம்புக்குறி எல்லாம் போட்டுக் காட்டுவேன். தலையாட்டுவார்கள், அடுத்த கிழமை மறந்துவிடுவார்கள். அதை எனக்கு ஒழுங்காகச் சொல்லித்தந்தவர் என் மாமா, அதுவும் மாட்டுக்கொட்டிலில் நின்றுகொண்டு.

வேலையை விட்டு ஊருக்கு வந்த முதல் மாரி. மாமாவிடம் பன்னிரண்டு கறவை மாடு, ஜேர்சிக் கலப்பும் சாகிவால் கலப்பும். கறக்க ஆள் கிடைக்காமல் வண்டில் மாதிரித் தள்ளிக்கொண்டு போகும் பால் கறக்கும் மெசின் ஒன்று வாங்கியிருந்தார். அதுவும் வக்யூம் பம்பில்தான் ஓடும். விடிய நாலரைக்கு என்னை எழுப்பினார்.

"தம்பி, ஒரு கிழமையா இது கத்துது. ஒயிலும் விட்டுப் பாத்தன், அடங்கேல்லை."

"எவ்வளவு விட்டனீங்கள், மாமா?"

"கொஞ்சம்தான். ஒரு மூடி."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

ரோச் லைட்டைப் பிடித்து பம்பில் ஒட்டியிருந்த லேபலை வாசித்தேன். உலர் பம்பு. கரித் தகடு. விமானத்தில் இருப்பதன் பெரியண்ணன். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினிலிருந்து வடித்த பழைய ஒயிலை ஒரு கிழமையாக அதற்குப் பருக்கியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. வன்னியில் கத்துகிற மெசினுக்கு ஒயில் விடுவதுதான் மருந்து, நெல்லுக் குத்துகிற மில்லிலிருந்து இறைக்கிற மெசின் வரை. ஒயில் விட்டு ஓடுகிற வக்யூம் பம்பும் இருக்கிறது. அதற்கு ஒயில் சொட்டுகிற ஒரு குப்பி மேலே இருக்கும். குப்பி இல்லாத பம்பில் ஒயில் விட இடம் தேடவேண்டி வந்தால், அங்கேயே நிற்கவேண்டும்.

மெசினை ஓட்டச் சொன்னேன். கேஜ் சரியாகத்தான் காட்டியது, 380 பாதரச மில்லிமீற்றர். "கேஜ் நல்லாத்தானே நிக்குது" என்றார் மாமா. ஒரு மாட்டுக்குப் பூட்டினோம், அப்போதும் நின்றது. இரண்டாவது மாட்டுக்குப் பூட்டும்போது ஊசி சரிந்தது, முதல் மாட்டின் கப் கழன்று சாணத்தில் விழுந்தது. நான் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். நல்ல பம்பில் அந்த இடம் எந்நேரமும் சீறிக்கொண்டிருக்கும், தேவைக்கு மிஞ்சி இழுக்கிற சக்தியைச் சமப்படுத்த வெளிக்காற்றை உள்ளே விடுகிற சத்தம். மாமாவின் மெசினில் மூச்சே இல்லை. பம்பு இழுப்பது அவ்வளவும் அப்படியே செலவாகிறது, மிச்சம் கிடையாது. இதை நான் மிச்சம், ஒதுக்கம், அழுத்தம் என்று இழுத்துக்கொண்டு போக, மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்ப வான் நிண்டிட்டுது எண்டு சொல்லு."

வான் என்றால் குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் இடம். நான் பேசாமல் நின்றேன். அவர் சொன்னார்: "வான் பாயுற வரைக்கும் குளத்து மட்டம் அப்பிடியேதான் நிக்கும். கனகராயன் ஆத்தில தண்ணி பாதியாக் குறைஞ்சாலும் மட்டத்தில தெரியாது. வான் மெலியுதோ எண்டு பாத்தாத்தான் வரத்துக் குறையுறது விளங்கும். மட்டம் இறங்கினாப் பிறகு பாத்து என்ன?"

ஒன்பது வருடம் நான் பலகையில் போட்ட அம்புக்குறி எல்லாம் அந்த நாலு வரிக்குள் அடங்கிவிட்டது. ரெகுலேட்டர்தான் வான். கேஜ் காட்டுவது குளத்து மட்டம். பம்பு தருவது வரத்து. எஞ்சினை 1700இல் ஓட்டினால் வரத்து மிஞ்சி வான் பாய்கிறது, அதனால் ஊசி அசையாது, பம்பு பாதி தேய்ந்திருந்தாலும். 1000க்கு இறக்கினால் வரத்துக் குறைந்து வான் நிற்கிறது. அப்போதுதான் ஊசி உண்மையைச் சொல்லும். நான் அன்றைக்கு ரெகுலேட்டரை இறுக்கியது, வரத்துக் குறைந்த குளத்துக்கு வான்கட்டை உயர்த்தி வைத்துவிட்டு 'மட்டம் கூடிவிட்டது' என்று சந்தோசப்பட்ட மாதிரி.

அன்றைக்குக் கையால்தான் கறந்தோம். வெயில் ஏறியபின் பம்பின் பக்கமூடியைக் கழற்றினேன். உள்ளே தார் மாதிரிக் கறுப்புப் பசை. இரண்டு தகடுகள் காடிக்குள் ஒட்டி வெளியே வரவே இல்லை, மற்றவை தனியே உழைத்திருக்கின்றன. வேர்னியரால் அளந்தேன். மாமா பத்திரப்படுத்தி வைத்திருந்த மேலதிகத் தகடு 40 மில்லிமீற்றர், ஓடியது 31. சுவரில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். குறுக்கே வரி வரியாக நகத்தில் தட்டினால் புதுத் தகடும் நிலைக்காது. நல்ல காலம், வழுக்கிக்கொண்டு போனது. தகடுகளைக் கழற்றி, ரோட்டரையும் காடிகளையும் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் ஈரம் மிச்சமில்லாமல் காயவிட்டு, ஒரு செற் தகடும் முழுதாக மாற்றினோம். ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் நீளமானதும் கட்டையானதும் சேர்ந்து ஓடி ஒன்றையொன்று கெடுக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். மாட்டுக்கொட்டிலில் செய்த இந்த வேலையை விமானப் பம்புக்குச் செய்யக்கூடாது. அது தேய்ந்தால் முழுதாகக் கழற்றிப் புதியதோ, அனுமதி பெற்ற இடத்தில் புதுப்பித்ததோதான் பூட்டவேண்டும். பால் மெசின் நின்றால் கையால் கறக்கலாம்.

அந்த வளவில் வேறு இரண்டு பொல்லாப்பும் கண்டேன். வாளி நிரம்பி வழிந்தால் பால் பம்புக்குள் இழுபடும். அதைத் தடுக்க நடுவில் இருக்கும் பொறிப்போத்தலின் மிதப்பு ஒட்டிக்கிடந்தது. பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் பம்பு தேய்ந்தது போலவே காட்டும், அதனால் பெல்ட்டையும், கப்புக்குள் இருக்கும் ரப்பர் லைனரின் வெடிப்பையும் பார்க்காமல் மூடியைக் கழற்றப் போகவேண்டாம்.

இப்போது நான் கிளிநொச்சி டவுனில் இருக்கிறேன். போன கிழமை காலை ஐந்தரைக்கு மாமாவின் போன்.

"தம்பி, கேஜ் 380இலதான் நிக்குது. ஆனா வான் மெலிஞ்சு போச்சு. தகடு ஒரு செற் சொல்லி வை."

பின்னேரம் போய்த் திறந்து அளந்தேன். 33.